அயிரைக்கு ஒரு வீடு

குறுந்தொகையிலே பரணர் ஒரு முதிய நாரையைக் காட்டுகிறார். கீழ்க்கடற் கரையில், பறக்கும் வலி குன்றிக் கிடக்கிறது அந்த நாரை. மேல்கடற் கரையிலே, சேரமன்னன் பொறையனுக்குரிய தொண்டித் துறையிலே உள்ள அயிரை மீனை நினைத்து அது தலையை நிமிர்த்தி ஏங்குகிறதாம். எட்டாத ஒருத்திக்காக ஏங்கும் தன் நெஞ்சுக்கு அதனை உவமையாக்குகிறான் தலைவன். மாணவர்க்கு இப்பாட்டை விளக்கும்போதெல்லாம் நாரையையும் கடலையும் பற்றிப் பேசியிருக்கிறேன். ஏக்கத்தைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறேன். ஆனால் அயிரை என்னும் அச்சிறு மீனைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம்.

அந்த அறியாமையைப் போக்கியவள் என் மருமகள். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள், ஒருநாள் ஜெயபுரத்து வயல் வாய்க்காலில் விரலளவு நீளமுள்ள ஒரு மீனைப் போத்தலில் பிடித்து வந்தாள். மணல் நிறமான உடல், முதுகோரம் கரும்புள்ளிகள், வாயைச் சுற்றி மயிர்போன்ற மீசைகள். “மாமா, இது என்ன மீன்?” என்றாள். அம்மாதான் விடை கூறினார்: “அயிரை”.

நம்மவர் இம்மீனை மதித்ததாகத் தெரியவில்லை. ‘அயிரை விட்டு வரால் பிடிப்பது’ என்பது பழமொழி. அதாவது, பெரியதைப் பெறுவதற்கு இழக்கத்தக்க சிறியது அயிரை. மதுரைப் பக்கத்திலோ அது குழம்புக்குப் பெயர்போனது. அங்கே சமைக்குமுன் உயிரோடு பாலில் விட்டு, அது விழுங்கிய மண்ணைக் கக்கச் செய்வார்கள். மண் இதன் வாழ்வோடு எவ்வளவு ஒன்றியது என்பதற்கு அச்சமையல் முறையே சான்று. ‘அயிர்’ என்பது நுண்மணலைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதையும் தமிழாசிரியர்கள் அறிவார்கள்.

விஞ்ஞானம் இம்மீனுக்கு இட்ட பெயரும் நமக்கு அயலானதன்று. 1846ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் வலன்சியன் இதற்கு ‘தெர்மாலிஸ்’ என்று பெயரிட்டார். வெம்மைக்கு உரியது என்பது அதன் பொருள். திருகோணமலைக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன அன்றோ? இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று ஐதிகம் கூறும் அவ்வூற்றுகளிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டே அப்பெயர் ஏற்பட்டது. சிங்கள மக்கள் இதனை ‘அஹிராவா’ என்பர். இதன் உறவினமொன்று ஈழத்தின் தென்மேற்கு ஈரவலயத்து நிழலோடைகளில் மட்டுமே வாழ்கிறது. அதற்கு 1956இல் பி. இ. பி. தெரணியகல பெயரிட்டபோது, மீன்களை நேசித்து ஆராய்ந்த ரொட்னி ஜொங்க்ளாஸ் என்பாரின் பெயரையே சூட்டினார். அருகிவரும் அவ்வினத்தைப் பிடித்தலாகாது. நம் வாய்க்கால் அயிரையோ பரவலாகக் காணப்படுவது.

“வீட்டிலே வளர்ப்போமா?” என்று மருமகள் கேட்டாள். நான் உற்சாகமாக உடன்பட்டேன். அந்த உற்சாகமே பிழையாயிற்று.

கிளிநொச்சிக்குச் சென்று, இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினேன். பளபளக்கும் நீலமும் வெள்ளையுமான சல்லிக் கற்களை அடியிலே பரப்பினேன். இரண்டு செடிகளை ஊன்றிக் கிணற்று நீரை ஊற்றி, மறுநாளே ஆறு அயிரைகளை விட்டேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. அயலவர் வந்து பார்த்துப் புகழ்ந்து போயினர்.

ஐந்தாம் நாள் மாலை மருமகள் என்னை அழைத்தாள். மீன்கள் அடிக்கொருதரம் நீர்மட்டத்துக்குப் பாய்ந்து, காற்றை ஒரு வாய் விழுங்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

“மாமா, உதுகளுக்கு மூச்சு முட்டுது போல கிடக்கு.”

நான் சிரித்தேன். அயிரைக் குடும்பத்து மீன்களுக்குக் குடலாலும் சுவாசிக்கும் ஆற்றல் உண்டு என்று நூலொன்றில் படித்திருந்தேன். அவை விழுங்கும் காற்றிலுள்ள ஒட்சிசனைக் குடலின் பிற்பகுதி உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சிய காற்று பின்வழியே குமிழியாய் வெளியேறும். எர்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1808இலேயே இதனை ஆராய்ந்திருக்கிறார். ஐரோப்பாவிலே இவ்வகை மீன் ஒன்றைச் சாடியில் வளர்த்து, இடிமழைக்கு முன் அது அமைதியிழந்து அலைவதைக் கண்டு வானிலை அறிந்தார்கள் என்பதும் வரலாறு. இவற்றையெல்லாம் அவளுக்கு விரிவாக எடுத்துரைத்து, “இரவு மழை வரும், பார்” என்று முடித்தேன்.

மழை வரவில்லை. விடியற்காலையில் நான்கு மீன்கள் செத்துக் கிடந்தன. எஞ்சிய இரண்டையும் மருமகள் ஒரு வார்த்தையும் பேசாமல் வாளியில் எடுத்துச் சென்று வாய்க்காலில் விட்டு வந்தாள். என்னைக் கடிந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இறந்த மீனொன்றை எடுத்து உற்றுப் பார்த்தேன். மீசைகளிற் சில தேய்ந்து குட்டையாகிவிட்டிருந்தன. மணலைத் துழாவி இரைதேட அமைந்த அவ்வுறுப்புகளைக் கூரிய சல்லி அராவியிருக்கிறது. புதைந்து உறங்க அங்கே இடமும் இல்லை. ஆனால் அவற்றைக் கொன்றது நீரே. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. ஆற்றிலும் குளத்திலும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் நஞ்சு, மூன்றாவது, அளவோடிருந்தால் தீங்கற்றது, செடிக்கு உணவுமாவது. இப்பற்றீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி கண்டறிந்தார். புதுத் தொட்டியிலே அவை இல்லை. தாமே வந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். நான் கொடுத்ததோ ஒருநாள். நஞ்சேறிய நீரிலே மீன்கள் திணறிக் காற்றுக்குப் பாய்ந்தன. நான் வானிலை கூறிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்குள் ஒரு சிறு உலகை அமைக்கலாம் என்று முதலிற் காட்டியவர்களுள் ஒருவர் இலண்டன் இரசாயனவியலாளர் ரொபர்ட் வாரிங்டன். 1850இல் அவர், பன்னிரண்டு கலன் தொட்டியொன்றில் இரு பொன்மீன்களையும், வலிசினேரியா என்னும் நீர்ச்செடியையும், நத்தைகளையும் ஒருங்கே வைத்து வாழச்செய்ததைப் பற்றி எழுதினார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி கொள்ளும். செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் கொள்ளும். அழுகிய இலையை நத்தை தின்னும். ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவு. இந்த ஒழுங்கு அமைந்தபின் வாழ வருவதே மீன். நான் மீனை முதலிலும் ஒழுங்கைக் கடைசியிலும் வைத்தேன்.

இரண்டாந்தரம் அடியிலிருந்து தொடங்கினோம். தொட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம்; விளிம்புவரை 54 லீற்றர் கொள்ளும். எல்லாம் நிறைந்தபின் ஏறத்தாழ 65 கிலோ பாரமிருக்குமாதலால், விறாந்தையில் வெயில் நேரே படாத மூலையில், ஆட்டமற்ற மேசைமீது வைத்தோம். கடல் மணலில் சிப்பித் துகள் கலந்திருக்கும். அது நீரை மேலும் வன்னீராக்கும். ஆகவே ஆற்று மணலையே நுண்ணரிப்பில் அரித்து, நீர் கலங்காமல் வடியும்வரை பன்னிரண்டு தரம் கழுவினோம். ஐந்து சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஏறக்குறைய 14 கிலோ மணல் தேவைப்பட்டது. எங்கள் கிணற்று நீர் கேத்தலில் வெண்காரை படியவைக்கும் இயல்புடையது. அதனோடு பாதிக்குப் பாதி மழைநீரைக் கலந்தோம். உருண்டைக் கற்களை மணலின்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியிலே நிறுத்திய பின்னரே மணலைப் போட்டோம். இல்லையேல் அயிரை கீழே தோண்டும்போது கல் சரிந்து அதனை நசுக்கிவிடும்.

செடிக்குக் ‘கிரிப்டோகோரைன் வெந்தி’ என்பதைத் தெரிந்தோம். 1958இல் டி விற் என்னும் அறிஞர் பெயரிட்ட இச்செடி இலங்கைக்கே உரியது. இன்று உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. பண்ணையில் வளர்த்த நாற்றுகளைக் கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கொணர்ந்தார். வேரின் கீழ்க் காய்ந்த வண்டல் உருண்டைகளைப் புதைத்து, மீன் கிளறிப் பிடுங்காதிருக்கச் சுற்றிலும் சிறு கூழாங்கற்களை வைத்தோம். காற்றுப்பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்று. நாளொன்றுக்கு ஏழு மணித்தியாலம் விளக்கு. மீன் இல்லாத தொட்டிக்குள் தினமும் ஒரு சிட்டிகை மீனுணவு போட்டோம். அது அழுகி அமோனியாவாக, அதனை உண்டு பற்றீரியா பெருகவேண்டும் என்பதே நோக்கம்.

எட்டாம் நாள் செடிகளின் இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரையத் தொடங்கின. பத்தாம் நாள் ஓர் இலையும் எஞ்சவில்லை. வெறும் மணலும் நாற்றமும்தாம். பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக நடலாம் என்று கையை விட்டேன். திண்ணையிலிருந்த அம்மா தடுத்தார்.

“பிடுங்காதை. வேர் இருக்கோ எண்டு தடவிப் பார்.”

தடவினேன்; வேர் உறுதியாக இருந்தது. “அப்ப விடு. இடம் மாறினதுக்கு இலை கொட்டும். வேர் மண்ணைப் பிடிக்கட்டும்” என்றார். 2008இல் வீட்டைவிட்டு இறங்கி, நெடுநாள் கழித்துக் கூரையற்ற வீட்டுக்கு மீண்டு வந்தவர் அவர். மேற்கொண்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இச்செடி இடம் மாறினால் இலை முழுவதையும் உதிர்த்துப் பின் வேரிலிருந்து தழைப்பது இயல்பு என்பதைப் பின்னர் நூலிலும் கண்டேன்.

மூன்றாம் வாரத்து இறுதியில் மணலுக்குமேல் ஊசிமுனை போன்றொரு பச்சை தெரிந்தது. ஆறாம் வாரத்தில் அமோனியா, நைத்திரைற்று இரண்டும் இல்லையென்று சோதனைத் திரவம் காட்டியது. அன்று வாய்க்காலிலிருந்து ஆறு அயிரைகளை வலையால் வாராமல் சிறு பாத்திரத்தால் மொண்டு வந்தோம். இம்மீனுக்குக் கண்ணின் கீழே நிமிர்த்தக்கூடிய முள் ஒன்றுண்டு, அது வலையிற் சிக்கினால் மீனுக்குக் காயமாகும்.

தொட்டியில் விட்ட சில நொடிகளில் ஆறும் மறைந்தன. மருமகள் திகைத்துப்போனாள். கண்ணாடியோரம் குனிந்து பார்த்தபோது, மணலுக்கு வெளியே இரு சிறு கண்கள் மட்டும் தெரிந்தன. அப்பால் இன்னும் இரண்டு. மாலையில் அவை வெளிவந்து, மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சிந்திக்கொண்டு இரைதேடின. “மாமா, மண்ணை அரிச்செல்லே தின்னுதுகள்!” என்று அவள் கூவினாள். நறுக்கிய மண்புழுவும், நுளம்புக் குடம்பியும், நீரில் தாழும் உணவும் அந்திக்குப்பின் சிறிதளவு போடுகிறோம். வாரந்தோறும் நீரில் காற்பங்கை மாற்றுகிறோம். துள்ளி வெளியே விழும் இயல்புடையவையாதலால், மேலே இடைவெளியின்றி மூடியிருக்கிறோம்.

அயலவர் இப்போதும் வந்து பார்க்கிறார்கள். பகலில் வந்தால் மணலும் செடியுமே தெரியும். “மீன் எங்கே?” என்று கேட்டு ஏமாற்றத்தோடு போவோரும் உண்டு. தொட்டியைப் பார்ப்பவருக்காக அமைப்பதோ வாழ்பவருக்காக அமைப்பதோ என்று கேட்டால், நான்கு மீன்களைப் பறிகொடுத்த பின்னரே எனக்கு விடை தெரிந்தது என்பேன்.

மருமகள் ஒரு கொப்பியை வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மாலையும் கால்மணி நேரம் தொட்டிமுன் அமர்ந்து, அயிரைகள் எத்தனை தரம் மேலே வந்து காற்றை விழுங்கின என்று எண்ணிக் குறிக்கிறாள். எண்ணிக்கை கூடிய நாளில் நீரைச் சோதிக்கும்படி எனக்குக் கட்டளை பிறக்கும். மழை வருமென்று நான் இப்போது சொல்வதில்லை. வாளியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.