பரம்பரை வியாதி என்றால் பரம்பரைப் பாவமா?

'அந்தக் குடும்பத்து இரத்தமே அப்படி.' இந்தப் பேச்சை நம் மக்கள் இரண்டு இடங்களில் கேட்டு வளர்கிறார்கள். சாதியின் பேரால் நம்மைத் தள்ளிவைக்கிறவர்கள் சொல்வது ஒன்று. அப்பா, மகள், பேரன் என்று ஒரே வீட்டில் வரிசையாக நோயில் விழும்போது நம் தெருவிலேயே சொல்லப்படுவது இன்னொன்று. முதலாவதை எதிர்த்து நிற்க அண்ணல் அம்பேத்கர் கற்றுக்கொடுத்தார். இரண்டாவதை நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். சாபம் என்கிறோம், செய்வினை என்கிறோம். அந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குகிறோம்.

குடும்பத்தில் தொடர்ந்து வருகிற ஒருவகை சுரப்பிக் கட்டிகளைப் பற்றிய ஆய்வை இந்த வாரம் பார்ப்போம். இது அமெரிக்காவில் நடந்த ஆய்வு. ஆனால், அது கண்டுபிடித்த உண்மை நம் தெருவுக்கும் தேவைப்படுகிறது.

ஒரு நோய், பல முகங்கள்

நம் கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்புறம், பருப்பு அளவில் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவை இவை. இவை அளவுக்கு மீறி வளர்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து இரத்தத்தில் சேரும். எலும்பு வலுவிழக்கும். சிறுநீரகத்தில் கல் உருவாகும், எடுத்தால் மறுபடியும் வரும். எந்நேரமும் அசதி இருக்கும், மலச்சிக்கல் வரும், மனம் சோர்ந்து போகும்.

அதே நபருக்குக் கணையத்திலோ சிறுகுடலிலோ கட்டி வந்து, வயிற்றில் அமிலம் பெருகி, மருந்துக்கு அடங்காத குடற்புண் வரலாம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தால் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகும். பிள்ளை பெறாமலே மார்பில் பால் சுரக்கும்.

மூன்று தொல்லைக்கு மூன்று மருத்துவர்களிடம் போவோம். மூன்றும் ஒரே நோய் என்பது யாருக்கும் தோன்றாது. நியூயார்க்கில் பணியாற்றிய பால் வெர்மர் என்ற மருத்துவர் 1954ஆம் ஆண்டு, இவை ஒரே குடும்பத்தில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிற ஒரே நோய் என்று எழுதினார். இன்று இதை எம்.இ.என்.1 என்கிறார்கள். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு.

1997இல் கிடைத்த விடை

நோய்க்குக் காரணமான மரபணு 11ஆவது குரோமோசோமில் இருப்பதாக 1988இல் தெரிந்தது. ஆனால், சரியாக எந்த மரபணு? ஊர் தெரிந்துவிட்டது, வீட்டைக் கண்டுபிடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பல ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து தேடின. 1997 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. கட்டுரையின் முதல் ஆசிரியர் மூலக்கூறு உயிரியலாளர் செட்டரா சந்திரசேகரப்பா. அடுத்த இரண்டு பெயர்கள் குரு, மாணிக்கம். நம் பக்கத்துப் பெயர்கள்.

இந்நோய் உள்ள 15 குடும்பங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் 14 குடும்பங்களின் நோயாளிகளிடம் ஒரே மரபணுவில் பழுது இருந்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு 'மெனின்' என்று பெயரிட்டார்கள். 610 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அதுவரை தெரிந்திருந்த எந்தப் புரதத்தின் சாயலும் அதில் இல்லை.

எழுத்துப் பிழையும் உடைந்த புரதமும்

புரதம் எப்படிப் பழுதாகிறது? மரபணுவின் எழுத்துகளை நம் உயிரணு மும்மூன்றாகப் படிக்கிறது. 'படம் மரம் பழம் நகம்' என்று மும்மூன்று எழுத்தாக ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 'ட' மட்டும் விழுந்துவிட்டால், மும்மூன்றாகப் படிக்கிறவருக்கு 'பம்ம ரம்ப ழம்ந கம்' என்று கிடைக்கும். ஒரு எழுத்து போனதில் அதற்குப் பிறகான அத்தனையும் பொருளற்றுப் போகிறது. எம்.இ.என்.1 குடும்பங்கள் பலவற்றில் நடப்பது இதுதான். மெனின் பாதியில் அறுந்துபோகிறது.

வேறு சில குடும்பங்களில் எழுத்து விழுவதில்லை, மாறுகிறது. 'மரம்' என்பது 'மணம்' ஆவதைப்போல. புரதம் முழு நீளத்துக்கு உருவாகிவிடும், ஆனால் சரியாக மடியாது. மடிப்புக் கோணலான புரதத்தை உயிரணு விட்டுவைக்காது. கழிவு என்று அடையாளம் குத்தி நொறுக்கிவிடும். எனவே அங்கும் மெனின் பற்றாக்குறைதான்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. பழுதான பிரதியோடு பிறந்த குழந்தைக்கும் மற்ற பிரதி நன்றாக இருப்பதால் தொடக்கத்தில் தொல்லை தெரியாது. ஏதோ ஒரு சுரப்பியில், ஏதோ ஒரு உயிரணுவில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போகிற நாளில் அங்கே கட்டி தொடங்குகிறது. இந்த 'இரண்டு அடி' விளக்கத்தை ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் வேறொரு புற்றுநோயை வைத்து முன்வைத்தார். எம்.இ.என்.1க்கும் அது பொருந்தியது.

மெனின் தனித்து வேலை செய்வதில்லை. உயிரணு வளர்ச்சியில் பங்குள்ள ஜன்-டி என்ற புரதத்தோடு மெனின் சேர்ந்து இயங்குவதை சுனிதா அகர்வாலும் உடன் உழைத்தவர்களும் 1999இல் காட்டினார்கள். பழுதான மெனினில் பலவகைகள் அந்தச் சேர்க்கையை இழந்திருந்தன.

இதில் பாவம் எங்கே இருக்கிறது?

இந்த விவரங்களை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. நோய் உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. மகனா மகளா என்று பார்ப்பதில்லை. தாய் வழியாகவும் வரும், தந்தை வழியாகவும் வரும். ஆகவே, 'வந்த மருமகளால் வந்தது' என்ற பேச்சுக்கு இடமில்லை. அத்தை மகளைக் கட்டியதால் வந்ததும் இல்லை. அசலில் கட்டினாலும் வாய்ப்பு அதே பாதிதான். பத்தில் ஒருவருக்கு, குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் இந்தப் பழுது ஏற்படுகிறது.

இப்போது நம் தெருவைப் பார்ப்போம். வயலிலும் உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேகாத வெயிலில் வேலை. குடிக்கத் தண்ணீர் குறைவு. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். ஆகவே, சிறுநீரகக் கல் என்றால் 'வெயில் சூடு' என்று முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான், கல் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தப் பரம்பரை நோய் கிடையாது. ஆனால், 25 வயதில் கல் வந்து, எடுத்தபின் மீண்டும் வந்து, அப்பாவுக்கும் அதே கல், அத்தைக்கு ஆறாத குடற்புண் என்றால் அது வெயில் மட்டுமல்ல. யாராவது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் இரண்டு நிமிடங்களில் அந்தக் கேள்வி வருவதில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் தானாகச் சொல்வதும் இல்லை.

மாதவிடாய் நின்று, பிள்ளை இல்லாத பெண்ணை 'மலடி' என்று சொல்லி, கோயில் கோயிலாக அலையவைத்து, கடைசியில் இன்னொரு கல்யாணம் பேசுகிறார்கள். பிட்யூட்டரி கட்டியாக இருந்தால் ஒரு புரோலாக்டின் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். பெரும்பாலும் அது மாத்திரைக்கே கட்டுப்படும்.

தெரிந்தால் என்ன கிடைக்கும்?

'வரப்போவது தெரிந்து என்ன செய்ய?' என்று கேட்கலாம். செய்ய நிறைய இருக்கிறது. எம்.இ.என்.1 குடும்பத்துப் பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனையை வாழ்வில் ஒருமுறை செய்தால் போதும். பழுது இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் பயம் தீர்ந்தது. இருக்கிறது என்றால், ஆண்டுக்கொருமுறை கால்சியம் முதலான இரத்தப் பரிசோதனைகளும், இடையிடையே ஸ்கேனும் எடுத்து, கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

இதன் உடன்பிறப்பான எம்.இ.என்.2 நோயில் பலன் இன்னும் பெரிது. அதற்குக் காரணம் 'ரெட்' என்ற மரபணு என்பது 1993இல் தெரியவந்தது. அங்கே புரதம் காணாமல் போவதில்லை, அணைக்க முடியாத சுவிட்சாக எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கிறது. விளைவு, ஒருவகை தைராய்டு புற்றுநோய். பழுது உள்ள குழந்தைக்குப் புற்றுநோய் வருமுன்பே தைராய்டை அகற்றிவிட்டு, தினம் ஒரு தைராக்சின் மாத்திரையோடு நீண்ட காலம் வாழவைக்க முடிகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் இத்தகைய குடும்பங்களைப் பற்றிய மரபணு ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறார்கள். தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால், அங்கே போய்ச் சேருகிறவர் யார் என்பதே கேள்வி.

இதில் இன்னொரு அநீதியும் உண்டு. உலகின் மரபணுத் தகவல் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிக அதிகம். நம்மைப் போன்றவர்கள் குறைவு. அதனால் நம்மில் ஒருவரிடம் புதிய எழுத்து மாற்றம் தெரிந்தால், 'இதன் பொருள் தெரியவில்லை' என்ற அறிக்கை கைக்கு வர வாய்ப்பு அதிகம். அன்று 15 குடும்பங்கள் இரத்தம் கொடுத்ததால்தான் மெனின் கிடைத்தது. நம் குடும்பங்கள் கணக்கிலேயே வராவிட்டால், அறிவியல் வளர்ந்தும் அதன் விடை நமக்கு வந்து சேராது. நம் பிள்ளைகள் ஆய்வகங்களுக்குள் போக வேண்டும், ஆராய்ச்சிப் படிப்புக்கான உதவித்தொகை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்று நாம் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசிடம் நாம் கேட்பது பெரிய செலவு இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் 2021 முதல் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களின் பதிவில் 'இதே நோய் வீட்டில் வேறு யாருக்கு?' என்று ஒரு கேள்வி சேரட்டும். இளம் வயதிலேயே திரும்பத் திரும்பக் கல் வருகிறவர்களுக்கு இரத்தக் கால்சியம் பரிசோதனை கட்டாயமாகட்டும். மரபணுப் பரிசோதனை தேவைப்படும் குடும்பத்துக்கு அதன் கட்டணத்தை முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கட்டும்.

நம் வீடுகளில் நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தாத்தா எதனால் இறந்தார், அத்தைக்கு என்ன அறுவைச் சிகிச்சை நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது பழைய சீட்டுகளோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நோயை மறைத்துக் கல்யாணம் முடிப்பதைவிட, சொல்லிவிட்டுச் சிகிச்சை பெறுவது பிள்ளைகளுக்கு நல்லது.