பாலையில் கோடை ஓய்வுக்காலம்

வட அமெரிக்காவின் சொனோரப் பாலையில் அமைந்த பீனிக்சு நகரில் ஆண்டின் சராசரி மழை 20 செண்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. எனினும் அங்கே வீட்டுத் தோட்டங்களில் முட்டைக்கோசும் முள்ளங்கியும் கீரையும் செழிக்கின்றன. விதைப்பு இலையுதிர்காலத்தில், அறுவடை குளிர்காலத்தில். குளிர்நாட்டு உழவர் நிலத்தைப் பனிக்காலத்தில் ஓய விடுகிறார். பாலைத் தோட்டக்காரரோ கோடையில் ஓய விடுகிறார்.

தண்ணீர்த் தட்டுப்பாடு ஒன்றே இதற்குக் காரணம் என்பர். நீரைக் குழாயில் கொணரலாம். வெப்பத்தை என் செய்வது? அதிலும் கொடியது இரவு வெப்பம். 2023ஆம் ஆண்டு சூலையில் அந்நகரில் தொடர்ந்து 16 இரவுகள் வெப்பநிலை 32 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கவே இல்லை. தக்காளிக்கோ இரவில் 24 பாகையைத் தாண்டினாலே தொல்லைதான். பூந்தாது வலுவிழக்கும், கருவுறுதல் நிகழாது. பூக்காம்பின் நடுவே முழங்கைபோல் ஒரு கணு உண்டு. அவ்விடம் மஞ்சளித்து, விரல் பட்டதும் பூ கழன்று விழும். செடி பசுமையாகவே நிற்கும். காய் மட்டும் இராது. எத்தனை குடம் நீர் ஊற்றினும் பயனில்லை.

ஆகவே உறைபனி விலகியதும், பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ நாற்றை ஊன்றி, சூன் மாத அனல் முற்றுமுன் காய் பறித்துவிடுவர். விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட நாள்காட்டி பெரும்பாலும் குளிர்நாட்டாருக்கு எழுதப்பட்டது. அதை இங்கே நம்புவது வீண். மண்ணும் எளிதில் இணங்குவதில்லை. அடியில் சுண்ணாம்புப் படிவு பாறையாய் இறுகிக் கிடக்கும். மண்ணின் காரத்தன்மையால் வேருக்கு இரும்புச்சத்து எட்டாமல், நரம்பு பசுமையாயிருக்க இலை வெளிறும்.

கோடையிலும் விளைவிக்கும் வழியைத் தொகோனோ ஓதம் பழங்குடியினர் நெடுங்காலமாக அறிவர். சூலையில் பருவமழை இறங்கியதும், காட்டாற்று வெள்ளம் பரவி வண்டல் படியும் இடங்களில் அவர்கள் விதைத்தது டெப்பரி என்னும் சிறு அவரை. அது ஆழ வேரோடி, ஓரிரு மழையின் ஈரத்தைக்கொண்டே விரைந்து முற்றும். இன்றைய தோட்டக்காரர் கோடைக்கெனத் தேட வேண்டிய விதை இத்தகையதே. நடுவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: நீரை மிகுதியாகப் பாய்ச்சினால் அக்கொடியில் தழைதான் மண்டும், காய் குறைந்துவிடும்.