உப்புத் தண்ணியிலும் வளரும் பருப்புக்கீரை



வாசுதேவநல்லூர் பக்கம் களை எடுக்கப் போகும்போது பருப்புக்கீரையைப் பிடுங்கி வரப்புல வீசிடுறோம். அது காசில்லாமல் கிடைக்கும் சத்து.

பெயர் எப்படி வந்தது?

தரையோடு படர்வதால் தரைக்கீரை. பருப்போடு சேர்த்துக் கடைவதால் பருப்புக்கீரை என்று நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. 1753-ல் லின்னேயஸ் என்ற அறிஞர் இதற்கு ‘போர்ட்டுலாக்கா ஒலரேசியா’ என்று பெயர் வைத்தார். இலத்தீனில் ‘போர்ட்டுலா’ என்றால் சின்னக் கதவு. காய் முற்றியதும் மேல்மூடி கதவு மாதிரி திறந்து கறுப்பு விதைகள் கொட்டும். ‘ஒலரேசியா’ என்றால் சமையலுக்கு ஆகும் கீரை. நாம் களை என்று ஒதுக்குவதற்கு, பெயரே கறிக்கீரை!

என்ன பயன்?

தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்து வைப்பதால் வறட்சியைத் தாங்கும். ஓரளவு உப்பான போர் தண்ணியிலும் வளரும். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு மற்ற கீரைகளைவிட இதில் அதிகம்.

கவனிக்க வேண்டியவை:

* தண்டை ஒடித்தால் பால் வரக்கூடாது. பால் வந்தால் அது வேறு செடி, சமைக்க வேண்டாம்.
* மருந்து அடித்த வயலில் பறிக்கக் கூடாது.
* ஆக்சாலிக் அமிலம் அதிகம். வேகவைத்த தண்ணியைக் கொட்டிவிட்டுக் கடையலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்கணும்.

விதையை மண்ணில் மூடாமல் மேலாகத் தூவி, தண்ணீர் தெளித்தாலே முளைக்கும். கொல்லையில் ஒரு சின்னப் பாத்தி போடுவோமா?