யார் கண்ணுக்கு மறைந்த விமானம்?

கரண்ட் போன இரவில் சமையலறை மேடைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நின்று அடித்தாலும் டம்ளரில் ஒரு வெளிச்சக் கோடு பளிச்சென்று மின்னும். அந்த வளைவில் ஏதாவது ஓரிடம் எப்போதும் உங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்து, தட்டையான எவர்சில்வர் மூடி ஒன்றைச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். அதே பளபளப்பு, அதே உலோகம். ஆனால் மூடி இருண்டு கிடக்கும். வெளிச்சம் எங்கே போனது என்று தேடினால், கூரையில் ஒரு வட்டமாக விழுந்திருக்கும்.

எஃப்-117 என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் விசித்திர உருவத்துக்கு விளக்கம் இந்த மூடிதான். பட்டை தீட்டிய கருங்கல்லைப் போல, உடம்பு முழுக்கத் தட்டையான பலகைகள். எந்தப் பலகையும் எதிரி ரேடாரை நேருக்கு நேர் பார்க்காது. வந்து மோதும் ரேடார் அலையை வேறு திசைக்குத் தள்ளிவிடும். மேலே பூசிய கறுப்புப் பூச்சு மிச்ச அலையில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருந்தாலும் கணக்கு கடுமையானது. ரேடார் அலை போகும் வழியிலும் பரவித் தேய்கிறது, திரும்பும் வழியிலும் பரவித் தேய்கிறது. இதனால் எதிரொலியைப் பாதியாகக் குறைத்தாலும் ரேடார் பார்க்கும் தூரம் கொஞ்சம்தான் சுருங்கும். தூரத்தைப் பாதியாக்க எதிரொலியை 16 மடங்கு குறைக்க வேண்டும். 400 கிலோமீட்டரில் தெரிகிற விமானம் 40 கிலோமீட்டர்வரை தெரியாமல் வர வேண்டுமென்றால் 10,000 மடங்கு. அதற்காகத்தான் எஞ்சின் வாய்க்கு வலை போட்டார்கள். அதன் கண்கள் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். விமானியின் தலைகூட ரேடாரில் தெரியும் என்பதால் முன்கண்ணாடியில் தங்கம் கலந்த மெல்லிய பூச்சு பூசினார்கள். சோதனைப் பறப்பு ஒன்றில் விமானம் திடீரென்று ரேடாரில் பளிச்செனத் தெரிந்தது. இறக்கிப் பார்த்தால், மூன்று திருகாணிகள் முழுதாக முடுக்கப்படாமல் சில மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தன.

இதற்கான கணிதம் எதிரி நாட்டிலிருந்து வந்தது. விளிம்புகளில் பட்டு அலைகள் எப்படிச் சிதறும் என்று சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்செவ் 1962-ல் ஒரு நூல் எழுதினார். அதில் ராணுவப் பயன் எதையும் மாஸ்கோ பார்க்கவில்லை, வெளியிட அனுமதித்துவிட்டது. 1971-ல் அமெரிக்க விமானப்படை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் ‘ஸ்கங்க் வொர்க்ஸ்’ பிரிவில் இருந்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் அந்த வறண்ட பக்கங்களுக்குள் ஒரு விமானத்தைக் கண்டார். அன்றைய கணினிகளுக்கு வளைவுகளைக் கணக்கிடும் வலு இல்லை, தட்டைப் பரப்புகளைத்தான் கணக்கிட முடிந்தது. விமானம் அப்படிக் கோணல்மாணலாக அமைந்ததற்கு அன்றைய கணினியின் போதாமையும் ஒரு காரணம் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்தப் பிரிவின் தலைவர் பென் ரிச் தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் சொல்கிறார். பாலைவனத்தில் கம்பத்தின்மேல் மாதிரி விமானத்தை நிறுத்தி ரேடாரால் பார்க்கிறார்கள். திரையில் ஒன்றும் இல்லை. மாதிரி கீழே விழுந்துவிட்டதோ என்று கேட்கிறார் ரேடார் இயக்குபவர். அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்புப் பறவை வந்து மாதிரியின்மேல் உட்கார, திரையில் புள்ளி தோன்றுகிறது. தெரிந்தது பறவை!

1977 டிசம்பரில் சோதனை விமானமும் 1981 ஜூனில் எஃப்-117-ம் முதன்முதலாகப் பறந்தன. இங்கிருந்து கதை வேறு பாதையில் போகிறது. ரேடாருக்கு மறைக்கச் செய்த விமானத்தை, அதற்கு வரி கட்டிய மக்களுக்கும் சேர்த்தே மறைத்தார்கள். நெவாடாவின் டோனோபா தளத்தில் பொழுது சாய்ந்த பிறகுதான் கொட்டகைக் கதவுகள் திறக்கும். விமானிகள் திங்கட்கிழமை போய் வெள்ளிக்கிழமை வீடு திரும்புவார்கள். வாரம் முழுக்க இரவில் விழித்துப் பகலில் தூங்கி, வார இறுதியில் குடும்பத்தோடு பகலில் விழித்திருப்பார்கள். அங்கே என்ன வேலை என்று மனைவிக்குக்கூடச் சொல்லக் கூடாது.

1986 ஜூலையில் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஒரு விமானம் மலைக்காட்டில் விழுந்து விமானி இறந்தார். காடு தீப்பற்றியது. ஆயுதக் காவலர்கள் இடத்தைச் சுற்றி வளைத்தார்கள், வான்பரப்பையும் மூடினார்கள். விழுந்தது என்ன விமானம் என்று விமானப்படை வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் இன்னொருவர் இறந்தார். ஒருவர் எதை ஓட்டிச் செத்தார் என்பதைக்கூட ஊருக்குச் சொல்ல முடியாத நிலையை ‘தேசப் பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லால் மூடிவிட என் மனம் ஒப்பவில்லை.

அதே 1986-ல் ‘எஃப்-19’ என்ற பெயரில் ஒரு பொம்மை விமானத்தை டெஸ்டர்ஸ் நிறுவனம் கடைகளுக்கு அனுப்பியது. ஊகித்துச் செய்த உருவம். வழவழப்பான வளைவுகளோடு இருந்த அதற்கும் உண்மையான விமானத்துக்கும் ஒட்டே இல்லை. ஆனாலும் அமோகமாக விற்றது. பிள்ளைகள் கடையில் வாங்கும் பொருளை நாங்கள் பார்க்கக் கூடாதா என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் உறுப்பினர்களிடமிருந்தே கேள்வி எழுந்தது. கடைசியில் 1988 நவம்பர் 10 அன்று, அதிபர் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், மங்கலான ஒரே ஒரு படத்தோடு பென்டகன் உண்மையை ஒப்புக்கொண்டது.

அதே மாதம் 22-ம் தேதி, கலிஃபோர்னியாவின் பாம்டேலில் பி-2 குண்டுவீச்சு விமானத்தை வெளியே இழுத்து வந்தார்கள். வளைவுகளையும் கணக்கிடும் கணினிகள் அதற்குள் வந்துவிட்டதால் பி-2 ஒரே இறக்கையாக வழவழவென்று இருந்தது. விருந்தினர்களை முன்பக்கம் மட்டுமே உட்கார வைத்தார்கள், பின்பக்கம் ரகசியம். ஆனால் வானத்தை மூட மறந்துவிட்டார்கள். ‘ஏவியேஷன் வீக்’ இதழ்க்காரர்கள் ஒரு சின்ன செஸ்னா விமானத்தில் தலைக்கு மேலே பறந்து முழு உருவத்தையும் படமெடுத்துவிட்டார்கள். அதன்பின் விலையும் விவாதத்துக்கு வந்தது. 132 விமானங்கள் என்று போட்ட திட்டம் 21-ல் நின்றது. ஆய்வுச் செலவையும் சேர்த்தால் ஒன்றின் விலை 200 கோடி டாலருக்கு மேல்.

எஃப்-117-க்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது 1991 வளைகுடாப் போர். சுமார் 1,300 முறை பறந்தும் ஒன்றுகூட வீழவில்லை. எறிந்த குண்டுகளில் 80 சதவீதம் இலக்கில் விழுந்தன என்றது விமானப்படை. காங்கிரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 1997-ல் அறிக்கை கொடுத்தது. ஆதாரத்தோடு நிற்பது 41 முதல் 60 சதவீதம்தான் என்றது அது. இந்தத் திருத்தம் மக்களுக்குக் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

குறி தப்பாத குண்டின் கதையும் இருக்கிறது. 1991 பிப்ரவரி 13 விடியற்காலை பாக்தாதின் அமிரியா பகுதியில், ராணுவக் கட்டளை மையம் என்று அமெரிக்கா சொன்ன காங்கிரீட் கட்டடத்தின்மேல் எஃப்-117 போட்ட இரண்டு குண்டுகளும் துல்லியமாக விழுந்தன. உள்ளே குண்டுக்குப் பயந்து தூங்கிக்கொண்டிருந்த பொதுமக்கள் 400 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ரேடாரை ஏமாற்றும் திறமையைப் பற்றி எழுதுகிற எவரும் இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

1999 மார்ச் 27 இரவு, அமெரிக்கக் கூட்டணி குண்டுவீசிக்கொண்டிருந்த செர்பியாவின் புட்ஜனோவ்சி கிராமத்தருகே எஃப்-117 ஒன்று சுடப்பட்டு விழுந்தது. சுட்ட படைப்பிரிவின் தளபதி சோல்தான் டானி. அவர் கையில் இருந்தவை சோவியத் காலத்துப் பழைய ஏவுகணையும் பழைய பி-18 ரேடாரும். அந்த ரேடாரின் அலை ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். சாய்த்த மூடியின் வித்தை அலை சிறிதாக இருக்கும்வரைதான் செல்லும். விமானத்தின் வால் அளவுக்கு அலையே நீண்டுவிட்டால் பலகையின் கோணம் அவ்வளவாக உதவாது. இலக்கைக் குறிவைக்கும் ரேடாரைச் சில விநாடிகளுக்குமேல் போட்டு வைக்காமல், இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்படி டானி தன் ஆட்களைப் பழக்கியிருந்தார். விமானங்களும் இரவுக்கு இரவு ஒரே தடத்தில் வந்துகொண்டிருந்தன.

விமானி டேல் செல்கோ பாராசூட்டில் குதித்தார், விடிவதற்குள் மீட்கப்பட்டார். ராணுவத்தை விட்டபின் டானி சொந்த ஊரில் பேக்கரி நடத்தினார். பல ஆண்டுகள் கழித்து செல்கோ அவரைத் தேடி அந்த ஊருக்கே போனார், இருவரும் நண்பர்களானார்கள். விமானத்தின் சிதைந்த பாகங்கள் பெல்கிரேடு விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

2022 டிசம்பரில் அதே பாம்டேலில் பி-21 என்ற புதிய குண்டுவீச்சு விமானத்தைக் காட்டினார்கள். பொழுது சாய்ந்த நேரம். கொட்டகையிலிருந்து கொஞ்சம்தான் வெளியே இழுத்தார்கள். விருந்தினர்கள் இந்த முறையும் முன்பக்கத்தை மட்டுமே பார்த்தார்கள்.