மேஸ்திரிக்கு வீட்டுக் கடன்

ஆண்டு மலர் என்றால் கவிதையும் நகைச்சுவைத் துணுக்கும் எழுதுவதுதான் வழக்கம். எனக்குக் கவிதை வராது. அதனால் கடனைப் பற்றி எழுதுகிறேன்.

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் காண்ட்ராக்ட் ஆட்களாகத்தான் போகப் போகிறோம். சிவில்காரர்கள் சின்னச் சின்னக் கட்டட வேலை எடுப்பார்கள். எலக்ட்ரிக்கல்காரர்கள் வயரிங் காண்ட்ராக்ட் எடுப்பார்கள். மெக்கானிக்கல்காரர்கள் ஏதோ ஒரு ஏஜென்சி மூலம் கம்பெனிக்குள் ஒப்பந்தப் பணியாளராக நுழைவார்கள். என்றைக்காவது ஒருநாள் எல்லோரும் வீடு கட்ட வேண்டும் என்று வங்கிப் படி ஏறுவோம். அங்கே நம் மாதிரி ஆட்களிடம் என்ன கேட்பார்கள், ஏன் கேட்பார்கள் என்பதை எங்கள் அப்பாவுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டேன். நான் சிவில் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அதனால் ஃபாரம் என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும்.

அப்பா கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். லேபர் ரேட்டில் வேலை எடுப்பார். அதாவது சிமெண்ட், செங்கல், கம்பி எல்லாம் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்துவிடுவார். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் பேசிக்கொள்வது. கும்பகோணத்திலும் சுவாமிமலை, திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமங்களிலும் அவர் கட்டிய வீடுகள் நிறைய இருக்கின்றன. நாங்கள் இருப்பது ஓட்டு வீடு. மழைக்காலத்தில் மூன்று இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும்.

"பேங்க்குல நம்மளுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க பாப்பா, வெளியில வாங்கிக் கட்டிடலாம்" என்றுதான் அப்பா முதலில் சொன்னார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். வெளியில் இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். 10 லட்சம் வாங்கினால் மாதம் 20,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். அசல் அப்படியே நிற்கும். அதே 10 லட்சத்தை வங்கியில் 9 சதவீதத்துக்கு, 20 வருடத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 9,000 ரூபாய்தான். அதில் அசலும் சேர்ந்து கழியும். 15 வருடத்தில் முடிக்கிறேன் என்றால் 10,143 ரூபாய். அப்பா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப போயிப் பாப்போம்" என்றார்.

போனோம். ஒரு வங்கியில் கேட்ட முதல் கேள்வி, "சம்பளச் சீட்டு இருக்கா?" என்பது. இல்லை. இரண்டாவது, "மூணு வருஷ ஐ.டி. ரிட்டர்ன் இருக்கா?" அதுவும் இல்லை. அதோடு பேச்சு முடிந்தது. அப்பா இருபது வருடமாக நாளொன்றுக்கு எட்டுப் பத்துப் பேருக்குக் கூலி கொடுக்கிறவர். வங்கிக் கணக்குப்படி அவருக்கு வருமானமே கிடையாது!

கோபப்பட்டுப் பயனில்லை. வங்கிக்காரர் நம் சைட்டுக்கு வந்து நின்று பார்ப்பதில்லை. சம்பளக்காரருக்குக் கம்பெனி சான்று கொடுக்கிறது. சொந்தத் தொழில்காரருக்குச் சான்று கொடுக்க யாரும் இல்லாததால் அவர் தன் வருமானத்தை அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்த தாளைக் கேட்கிறார்கள். அந்தத் தாள்தான் ரிட்டர்ன். சில இடங்களில் இரண்டு வருடம், பல இடங்களில் மூன்று வருடம். ஒரு வருடம் நல்ல வருமானம் வந்து அடுத்த வருடம் படுத்துவிடும் தொழில் என்பதால் சராசரி பார்க்கிறார்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். காண்ட்ராக்டர்களுக்கென்று வருமான வரியில் ஒரு சுலப வழி உண்டு. 1961-ஆம் வருடச் சட்டத்தில் 44ஏடி என்று ஆடிட்டர்கள் சொல்லும் பிரிவு. 1994-இல் இது வந்தபோது கட்டட காண்ட்ராக்டர்களுக்காகவே வந்தது. பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. 2025-இல் இயற்றிய புதிய சட்டத்தில் எண் மாறியிருக்கிறது, முறை அதேதான். கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம், ஆடிட் வேண்டாம். வருட வரவில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டினால் போதும். வங்கி மூலம் வந்த வரவுக்கு 6 சதவீதம் போதும். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்து எல்லோரும் அந்த 8 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு மேஸ்திரிக்கு வருடக் கூலி வரவு 18 லட்சம். கொத்தனார், சித்தாள் கூலி எல்லாம் போகக் கையில் நிற்பது 4,20,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் 8 சதவீதம் காட்டினால் ரிட்டர்னில் 1,44,000 தான் இருக்கும். மாதம் 12,000. வங்கிகள் பொதுவாக மாத வருமானத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் தவணைக்கு விடுவார்கள் (வங்கிக்கு வங்கி இது மாறும்). ஆக, தவணை 6,000. அதற்கு 9 சதவீதத்தில், 20 வருடத்துக்குக் கிடைப்பது ஆறே முக்கால் லட்சத்துக்குள். அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பலாம், கூரை போட முடியாது. அதே மனிதர் உண்மையான 4,20,000-ஐக் காட்டியிருந்தால் மாதம் 35,000, தவணை 17,500, கடன் 19 லட்சத்துக்கு மேல்.

8 சதவீதம் என்பது குறைந்த அளவுதான். அதற்கு மேல் வந்திருந்தால் வந்ததைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். "அப்புறம் வரி கட்டச் சொல்லுவானே" என்பார்கள். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடி போக வரியே வராது. நாலு லட்சம் காட்டினால் ஒரு பைசா வரி இல்லை. இல்லாத வரிக்குப் பயந்து கிடைக்கிற கடனை இழக்கிறோம். இதை எங்கள் தெருவில் நாலு மேஸ்திரிகளுக்குச் சொல்லிவிட்டேன், ஒருவர்தான் நம்பினார்.

ஆனால் கடன் வேண்டும் என்பதற்காக இல்லாத வருமானத்தையும் எழுத முடியாது. ரிட்டர்னோடு 12 மாத வங்கி ஸ்டேட்மெண்டையும் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று வருட ரிட்டர்னும் ஒரே வாரத்தில் போட்டிருந்தால், கடனுக்காகப் போட்டது என்று தேதியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கம்பெனிகளுக்கு வேலை செய்தால் தனிநபர் காண்ட்ராக்டருக்கு 1 சதவீதம் வரி பிடித்துக் கொடுப்பார்கள். பிடித்துவிட்டார்களே என்று வருத்தப்படாதீர்கள். அது நம் பான் எண்ணில் ஏறி, வேலை செய்ததற்குச் சாட்சியாக நிற்கும். ரிட்டர்ன் போட்டால் திரும்பியும் வரும். சொந்த வீடு கட்டும் சாதாரண ஆட்கள் அப்படிப் பிடிப்பதில்லை. அதனால் அந்த வரவுக்கு நாம்தான் சாட்சி உண்டாக்க வேண்டும். ரசீது போட்டு, பணத்தை வங்கிக் கணக்கிலேயே வாங்க வேண்டும். சனிக்கிழமை கூலிக்கு எடுத்தாலும் பரவாயில்லை, உள்ளே வந்து போன தடம் இருக்கும்.

ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகும் நண்பர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பி.எஃப். பிடித்து, சம்பளச் சீட்டு கொடுத்து, சம்பளத்துக்கான ஃபாரம் 16 கொடுத்தால் வங்கி உங்களைச் சம்பளக்காரராகப் பார்க்கும். "கன்சல்டண்ட்" என்று அழகாகப் பெயர் வைத்து, பி.எஃப். இல்லாமல், 16ஏ கொடுத்தால் நீங்களும் எங்கள் அப்பாவும் ஒரே வரிசைதான். சேரும் நாளிலேயே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மனை. நம்ம ஊர்க் கதை இதில்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் எத்தனையோ குடும்பங்கள் கோயில் அடிமனையில் தலைமுறையாகக் குடியிருக்கின்றன. நாங்களும் அப்படித்தான். வீடு நம்முடையது, மண் சாமியுடையது. வீட்டுக் கடன் என்பதே மனையையும் கட்டடத்தையும் சேர்த்து அடமானம் வைப்பது. நம் பேரில் இல்லாத மண்ணை எப்படி அடமானம் வைப்பது? அறநிலையத் துறைச் சட்டத்தின்படி அந்த மண்ணை விற்கவோ அடமானம் வைக்கவோ தனிநபரால் முடியாது. ஆகவே வேறு மனை வாங்கித்தான் ஆக வேண்டும். அதிலும் அனுமதி பெறாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்வதற்கு 2016 அக்டோபர் முதல் தடை நடைமுறையில் இருக்கிறது. வயலைப் பிரித்து மலிவாகத் தருகிறார்கள் என்று அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. தாய்ப் பத்திரம், பட்டா, பொதுவாக 30 வருட வில்லங்கச் சான்று, மனை அனுமதி எல்லாவற்றையும் வங்கியின் வக்கீல் பார்ப்பார். தாத்தா சொத்தாக இருந்தால் அத்தைமார், சித்தப்பாமார் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்பதும் வரும். கல்யாண வீட்டில் பேசாமல் விட்ட சண்டையெல்லாம் அப்போது வெளியே வரும்!

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரைதான் கொடுக்கலாம். நடைமுறையில் அதற்கும் குறைவாகவே கொடுப்பார்கள். மீதி நம் கைக்காசு. அதை முதலில் போட்டுக் காட்ட வேண்டும். கட்டுவதற்கான கடன் மொத்தமாகக் கைக்கு வராது. அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக இன்ஜினியர் வந்து பார்த்தபிறகு வரும். நாம் படிக்கும் எஸ்டிமேட் பாடம் இங்கே உதவும். அப்பா, "கூலி நம்ம கூலிதானே, அதை எதுக்குச் சேக்கணும்?" என்றார். சேர்க்கத்தான் வேண்டும் அப்பா, அவர் தன் வீட்டில் நிற்கும் நாளில் வேறு சைட்டில் கூலி வராதே. பிளான் அனுமதி இப்போது சுலபம்: 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் உடனே ஆன்லைனில் கிடைக்கிறது.

பெரிய வங்கி மறுத்தால் வீட்டு வசதிக் கடன் நிறுவனங்கள் இருக்கின்றன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காக 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கி, 2000-இல் ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸை ஆரம்பித்தது. சொந்தத் தொழில்காரர்களுக்கு நிறையக் கடன் கொடுக்கும் நிறுவனம் அது. நம் ஊரிலேயே 1904-இல் கும்பகோணம் பேங்க் என்று பிறந்ததுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. இதுபோன்ற நிறுவனங்களில் சில, ரிட்டர்ன் குறைவாக இருந்தாலும் ஆளை அனுப்பி சைட்டைப் பார்த்து, கணக்கு நோட்டைப் பார்த்து முடிவு செய்யும். ஆனால் வட்டி கூடுதலாக இருக்கும். அரை சதவீதம் தானே என்று விட்டுவிடாமல் 20 வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடன் கிடைத்தபிறகும் ஒரு சங்கடம் உண்டு. தவணை மாதா மாதம்; நம் வரவு அப்படி இல்லை. ஆடியில் புது வீடு தொடங்க மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை. மார்கழியில் மறுபடி தொடங்க மாட்டார்கள். கிராமத்து வேலை என்றால் நெல் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் மேஸ்திரிக்குப் பாக்கி வரும். மேட்டூரில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போனால் எங்கள் வீட்டிலும் பணம் தள்ளிப்போகும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக் கடன் ஆகிவிடும்; அதன் பிறகு நோட்டீஸ், ஏலம் என்று போகலாம். அதனால் தை மாசியில் பணம் வரும்போதே மூன்று தவணையைத் தனியாகப் போட்டு வைக்க வேண்டும். கூடுதலாக வந்தால் அசலில் கட்டிவிடலாம். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பரிலிருந்து விதி.

கடைசியாக நம் வயதுக்காரர்கள் விஷயம். வேலைக்குப் போன மறுவருடமே நம்மை இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். நம் சம்பளமும் சேர்ந்தால் கடன் தொகை கூடும், அது நல்லதுதான். ஆனால் அப்பா கட்டத் தவறினால் நாம் கட்ட வேண்டும். நம் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். 300-இலிருந்து 900 வரை போகும் அந்த மதிப்பெண் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. தவணையில் வாங்கிய செல்போனும் பைக்கும் அதில் ஏறும். நண்பனுக்காக உங்கள் பேரில் வாங்கிக் கொடுத்ததும் ஏறும். வருடம் ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம்.

அப்பா இரண்டு வருடமாக ரிட்டர்ன் போடுகிறார், உள்ளதை உள்ளபடி. மூன்றாவதையும் போட்டதும் அந்த வங்கிக்கே மறுபடி போவதாக இருக்கிறோம். ரசீதுப் புத்தகம் இப்போது என் பையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சைட்டுக்குப் போய் எழுதுகிறேன், வீட்டுக்காரர்கள், "என்ன மேஸ்திரி, புதுசா ரசீதெல்லாம்?" என்று கேட்கிறார்கள்.