மணமுறிவின் பின் பிள்ளையும் உடைமையும்



மணமுறிவு நேர்ந்தால் யாவற்றையும் காதியாரே தீர்த்து வைப்பார் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி விவாகரத்து, மஹர், இத்தாக்காலத் தாபரிப்பு, பிள்ளைத் தாபரிப்பு, கைக்கூலி முதலியன காதி நீதிமன்றத்துக்குரியவை. பிள்ளை எவரிடம் வளர்வது என்பதைத் தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றமாகும்.

இஸ்லாத்தில் கணவன் உடைமை கணவனுக்கே, மனைவி உடைமை மனைவிக்கே. மணமகளின் பயனுக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணமும் அசையும் பொருளுமே சட்டம் கூறும் கைக்கூலி. வீடும் வளவும் அதில் அடங்கா. நம் கிழக்கிலோ பெண்ணுக்கு வீடு கொடுப்பதே வழமை. எனவே உறுதியைப் பெண்ணின் பெயரிலேயே முடியுங்கள். கைக்கூலியை விவாகப் பதிவின்போதே எழுத்தில் பதியுங்கள்.

தன் பிள்ளையைக் கணவர் பறிக்க முனைவதாக ஒரு தாய் முறையிட்டபோது, மறுமணம் செய்யாதவரை அவளே அதிக உரிமையுடையவள் என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஏறத்தாழ ஏழு வயதில் விபரமறியும் பருவத்தை அடைந்த பிள்ளை பெற்றோரில் ஒருவரைத் தெரிவு செய்யலாம். பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையின் கடமையே.

பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கோ தந்தைக்கோ தீங்கிழைக்கலாகாது என்பது சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் தரும் போதனை. தாபரிப்பை நிறுத்தித் தாயைப் பணியவைப்பதும், பிள்ளையைக் காட்டாது தந்தையைப் பழிதீர்ப்பதும் அநீதியே. தீர்ப்பை நீதிமன்றம் எழுதலாம். அதனை நிறைவேற்றும் இறையச்சம் நம் உள்ளத்தில் இருத்தல் வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.