தொட்டறியும் விஞ்ஞானம்

நீச்சலைப் பற்றி எவ்வளவு படித்தாலும் நீரில் இறங்காதவனுக்கு நீந்த வராது. விஞ்ஞானக் கல்வியும் அத்தகையதே. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவர் சிறுமியர் 'ஏன்', 'எப்படி' என்று ஓயாது வினவும் பருவத்தினர். அவ்வினாக்களுக்குப் பரீட்சை விடைகளையே தந்துவந்தால், சில ஆண்டுகளில் அவர்கள் கேட்பதையே விட்டுவிடுவர். அடங்கிய ஆவலை மீண்டும் எழுப்புதல் எளிதன்று. ஆகவே, கல்லூரிச் சோதனைச்சாலையின் கதவு இப்பருவத்திலேயே அவர்களுக்குத் திறக்க வேண்டும் என்கிறோம்.

அங்கே அவர்கள் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றைக் காண்போம். இருட்டாக்கிய அறையில், கண்ணாடித் தொட்டியில் நீரை நிரப்பிச் சில துளி பால் கலக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து டார்ச் விளக்கின் வெண்ணிற ஒளியைப் பாய்ச்சினால், பக்கத்தில் நிற்பவனுக்கு நீர் இளநீலமாய்த் தோன்றும். எதிர்முனையிலிருந்து நோக்குபவனுக்கோ ஒளி மஞ்சளாகவும் செம்மை படர்ந்தும் தோன்றும். பாலிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. சிவப்பு ஒளி பெரும்பாலும் நேரே செல்கின்றது. பகல் வானம் நீலமாகவும், அந்திக் கதிரவன் சிவந்தும் காணப்படுவதற்கும் இத்தகைய ஒளிச் சிதறலே காரணம். அங்கே இதனைச் செய்பவை காற்றின் மூலக்கூறுகள்.

தன் கையால் பாலை விட்ட மாணவன், "இன்னும் நான்கு துளி விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பான். ஆசிரியர் விடை கூறாமல், அவனையே விட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். கருவிகளை எட்டி நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் உல்லாசப் பயணம் இதற்கு ஈடாகாது.

ஒளிச் சிதறலை ஆராய்ந்து உலகப் புகழெய்தியவரும் நம்மைப் போல் உத்தியோகத்தின் பொருட்டு வெளியூர் சென்ற தமிழரே. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், 1907இல் அரசாங்க நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றார். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி செய்ய அவருக்கு இடந்தந்தது. அச்சங்கத்தின் சோதனைச்சாலையில் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கண்ட விளைவே 1930இல் அவருக்கு நோபெல் பரிசை ஈட்டித் தந்தது. அந்நாளே தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

இன்று நம் குழந்தைகளுக்கு இத்தகைய கதவுகள் பல உள்ளன. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றமும் கேந்திரிய வித்யாலயா சங்கதனும் 2017இல் 'ஜிக்யாசா' என்னும் திட்டத்தைத் தொடங்கின. அறியும் ஆவல் என்பதே அச்சொல்லின் பொருள். டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம், புனேயின் இரசாயன ஆராய்ச்சிக்கூடம், ஜாம்ஷெட்பூரின் உலோக ஆராய்ச்சிக்கூடம் ஆகியவை அம்மன்றத்தைச் சேர்ந்தவை. பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகம் ஆண்டில் ஒரு நாள் பொதுமக்களுக்குத் தன் கூடங்களைத் திறந்து வைப்பது வழக்கம்.

பெருநகர்களில் இல்லாத நேயர்கள், அருகிலுள்ள கல்லூரிக்குப் பள்ளியின் வாயிலாகவோ தமிழ்ச் சங்கத்தின் வாயிலாகவோ எழுதிக் கேட்கலாம். சிறு சிறு குழுக்களாகச் செல்வதே நலம். அப்போதுதான் ஒவ்வொரு குழந்தையின் கைக்கும் கருவி எட்டும்.

மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களில் பள்ளியும் பாடமொழியும் மாறலாம். கையால் செய்து கண்டது மாறாது. வீடு திரும்பிய குழந்தை, தான் கண்டதைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கட்டும். பாட்டி கேட்கும் மறுகேள்விக்கு விடை தெரியாவிடில், அடுத்த முறை சோதனைச்சாலைக்குச் செல்ல அதுவே தக்க காரணமாகும்.